வெறுங்கையோடு போக வேண்டிய வீடு

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், பாலக்காடு, சூரத் என்று சுற்றி, எங்கும் ஒட்டாமல், கடைசியில் கோவை கணபதியில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். பக்கத்து வீதியில் ஒரு பையன் வலி மாத்திரையைப் போதை ஊசியாகப் போட்டுச் செத்துப்போனது அப்போதுதான். அதன் பிறகு எங்கள் பட்டறை முதலாளி, எதிரே மோட்டார் காயில் கட்டும் பாய், நான் மூவரும் பேக்கரியில் உட்கார்ந்து பேசினோம். என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்களோடு பல ஊர்களில் ஒரே அறையில் படுத்திருக்கிறேன். தொடக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீதிக்கு என்று சில விதிகள் எழுதி வைத்தோம். யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. போலீஸுக்கு ஓடக் கூடாது. சந்தேகம் வந்த உடனே வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். குணமாகி வரும்வரை அவனுடைய இடம் அவனுக்கே. முற்றிய பிறகு போய்ப் பயனில்லை என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம்.

முதலில் மாட்டியது எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். தலைமயிர் கனம் பிசகாமல் கடைகிறவன். அவன் கடைந்த உருப்படிகள் அளவு தப்பித் திரும்பி வர ஆரம்பித்தன. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளியிடம் சொன்னேன்.

"சொல்லிப்போடலாம். ஆனா ஒருத்தர் ஊட்டுக்குப் போறம், நாள் பாக்காம எப்படிப்பா?" என்றார். காலண்டரில் வளர்பிறை ஞாயிறாகப் பார்த்தார். எமகண்டம் கழியட்டும் என்றார். வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ஆப்பிளும் ஒரு சீப்பு பழமும் வாங்கினார். பாய் வரவில்லை. நாங்கள் இருவரும் போனோம்.

அவனுடைய அம்மா கணவனை இழந்தவர். "வாங்கண்ணா, வாங்க, உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டார். காப்பி வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"பையன் எப்படீங்கண்ணா வேலைல?"

"அவனுக்கென்னங்க, தங்கமான பையன்" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். பழத்தை வைத்துவிட்டு வந்தோம்.

பேக்கரியில் பாய் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"காப்பி குடுத்தாங்க பாய்."

"காப்பி குடிக்கவா போனீங்க? அதுக்கு இங்கயே குடிச்சிருக்கலாம். நான் காசு குடுத்திருப்பேன்."

மறுநாள் அந்தம்மா பட்டறை வாசலுக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்கண்ணா, நேத்து நீங்க கூச்சப்பட்டுட்டுப் போயிட்டீங்க. பொண்ணு எந்தூருங்க?"

நல்ல நாளில் வெள்ளை வேட்டி கட்டிப் பழத்தோடு இரண்டு ஆண்கள் வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது. முதலாளி தடுமாறினார். "பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார். பெண் வரவில்லை என்றதும் அந்தம்மா தானே தேடிக்கொண்டார். சென்னிமலையில் ஒரு குடும்பத்தில் பேச்சு கூடியது. இனி எப்படிச் சொல்வது? கல்யாணத்தைக் கலைத்த பேர் வரும் என்று முதலாளி பயந்தார். கல்யாணமானால் திருந்திவிடுவான் என்று ஒரு நாள் பாயே சொன்னார். நானும் தலையாட்டினேன். திருந்த மாட்டான் என்று தெரிந்தவன் எங்களில் நான் ஒருவன்தான்.

நிச்சயத்துக்கு முன் அவன் பட்டறைக் கழிவறையில் விழுந்து கிடந்தான். ஊசி போட்ட கை வீங்கிக் கறுத்திருந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தம்மா அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு இதைச் சொல்லத்தான் வந்தீங்களாங்ணா?"

நான்தான் "ஆமாங்க" என்றேன்.

"சொல்லியிருக்கலாமுங்க. காப்பி எங்க போயிடப் போகுது?"

அப்போதும் எங்களைத் திட்டவில்லை. 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

இப்போது விதிகளில் இன்னும் சில கூடியிருக்கின்றன. நாள் பார்க்கக் கூடாது. பழம் வாங்கக் கூடாது. வேலை செய்த அழுக்குச் சட்டையோடு போய், உட்காருவதற்கு முன்பே, தண்ணீர் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்படிப் போய் மூன்று வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டு வீட்டுப் பையன்கள் வேலைக்கு வருகிறார்கள்.

டர்னரின் லேத்தை முதலாளி யாருக்கும் கொடுக்கவில்லை. குணமாகி வரும்வரை இடம் அவனுக்கே என்று நாங்கள்தானே எழுதினோம். அவன் குணமாகிவிட்டான். மாத்திரையைத் தொடுவதில்லை. சில மாலைகளில் வந்து அந்த லேத் பக்கத்தில் நின்று, உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை இடது கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறான்.