நூற்றுப் பதினேழாம் பக்கத்து டீ

ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிற போலீஸ்காரருக்கு ரைட்டர் என்று பெயர். நம்ம ஆள் இருபத்தெட்டு வருஷம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் துரத்திப் பிடித்ததில்லை. லத்தியைக் குடை மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டதோடு சரி. சாட்சிகள் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதுவதுதான் வேலை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சொல்கிறவர் பால்காரரோ பல் டாக்டரோ, 'நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்றுதான் ஆரம்பம். முடிந்ததும் அவருக்கே வாசித்துக் காட்டி, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று முடிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு 'நான்' போட்டு எழுதியவர், தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை.

அவர் பேரில் ஒரே ஒரு கறை. கவனக்குறைவாக ஒரு வழக்கின் தாளை இன்னொரு வழக்கின் ஃபைலில் கோத்துக் கட்டியதாக மெமோ. அதோடு பதவி உயர்வும் போச்சு. பத்தொன்பது வருஷம் ஆகியும் வீட்டில் அது ஓயவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டால்கூட மனைவி, "தாளை மாத்திக் கட்டின கைதானே" என்பாள். அவளுக்கு அது வேடிக்கை. அவரும் சிரித்து வைப்பார்.

போன வருஷம் அவருடைய பழைய இன்ஸ்பெக்டர் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். ஓய்வு பெற்ற மனுஷன், சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது. கடிகாரக் கடைத் திருட்டு ஒன்று, மாடிவீட்டுக் கொலை ஒன்று. இரண்டும் ஒரே ஆள் செய்தது என்று நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். நடந்த கதைதான், பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்.

தெரு முனை நூலகத்தில் புத்தகத்தின் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி வைப்பார்கள், படித்தவர்கள் கருத்து எழுத. ரைட்டர் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழக்க தோஷம், பின்தாளில் இருந்த வாக்குமூலங்களைத்தான் முதலில் படித்தார்.

மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார்: 'இரண்டு குற்றங்களையும் பின்னியிருக்கும் விதம் அபாரம். கல்லாவில் உட்கார்ந்தே படித்ததில் ஒருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன்.'

தையற்கடை அம்மா விடவில்லை: 'இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரிந்தது? டீ குடித்தாராம், பளிச்சென்று தோன்றியதாம். நானும் தினம் நாலு டீ குடிக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றக் காணோம்.'

பஸ் கண்டக்டர் ஒருவர்: 'அந்த ரைட்டர் பாத்திரம் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. எந்தத் தாளை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் முழிக்கிற இப்படி ஒரு அசடு எந்த ஸ்டேஷனில் இருப்பான்?'

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவமானமாக இருந்தது. மெமோ வந்த அன்று கூட இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்குக் கையெழுத்து மட்டும்தான் வாங்கினார்கள். இன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள் சிரிக்கிறார்கள்.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. அதுதான் விஷயம். அது அவருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, காப்பி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, மிச்சமிருந்த கடைசித் தாளில் எழுத உட்கார்ந்தார். கை தானாக ஆரம்பித்தது. எழுதி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டு."

"எழுதினது நீங்க. உங்களுக்கே எதுக்குப் படிச்சுக் காட்டணும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, என்ன கூத்தோ என்கிற முகத்தோடு படிக்க ஆரம்பித்தாள்.

'நான் மேற்கண்ட நூலகத்தின் உறுப்பினர். இந்தக் கதையில் வரும் ரைட்டர் நான்தான். கடிகாரக் கடைத் திருட்டில் காவலாளியின் வாக்குமூலத்தை எழுதியது நான். பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாத சைக்கிளைப் பார்த்ததாக அவர் சொன்னார். பதினோரு நாள் கழித்து மாடிவீட்டுக் கொலையில் சலவைக்காரரும் அப்படியொரு சைக்கிளைச் சொன்னார். அதையும் எழுதியது நான். இன்ஸ்பெக்டரிடம் நேரில் சொன்னால், "எழுதறது உன் வேலை, யோசிக்கறது என் வேலை" என்பார். அதனால் இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு, காவலாளியின் தாளைக் கொலை ஃபைலில் தெரிந்தேதான் கோத்துக் கட்டினேன். அவர் படித்தார், ஆள் பிடிபட்டான். மேலதிகாரி வந்து, "இந்தத் தாள் இங்கே எப்படி?" என்று கேட்டபோது, "ரைட்டர் கவனக்குறைவா மாத்திக் கட்டிட்டார், நல்லவேளை என் கண்ணுல பட்டுது" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பதக்கம், எனக்கு மெமோ. "கையெழுத்துப் போடுய்யா, பின்னாடி சரி பண்ணிடறேன்" என்றார். போட்டேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் டீ எதுவும் இல்லை. மற்றபடி நாவல் விறுவிறுப்பாக இருக்கிறது.'

பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. கடைசி வரி மட்டும் பாக்கி. அதை அவள் மெதுவாகப் படித்தாள்.

'படித்துக் காட்டக் கேட்டேன்.'

"சரி" என்றார் ரைட்டர். பேனாவை எடுத்து அந்தச் 'சரி'யை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அவள் புத்தகத்தை மூடவில்லை. இத்தனை வருஷம் பித்தானுக்கும் செருப்புக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பத்தொன்பது வருஷம். என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ரைட்டர் பேனாவுக்கு மூடி போட்டார். கோபமாகச் சொல்லவில்லை, ஸ்டேஷனில் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"நீ கூட விசாரிக்கலையே."

அவள் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். புத்தகத்தை அவரிடம் தரவில்லை. தானே நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.