முதல் கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது

எங்கள் வட்டாரமான ஆங் மோ கியோவில் நாங்கள் வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்தில், டாக்டரைப் பார்த்த பிறகு நீரிழிவுப் பிரிவுத் தாதி ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டார். நானே செய்வது, துணையோடு செய்வது, தாதி செய்வது. இனி வரும் என் சர்க்கரை வாழ்க்கை முழுவதும் அந்தத் தாளுக்குள் அடங்க வேண்டுமாம்.

"உங்களால முடியறதை நீங்களே செய்யணும் அங்கிள். முடியாததுக்கு மட்டும்தான் ஆன்ட்டியும் நாங்களும். அப்படித்தான் பிளான் போடுவோம்."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெர்த்தில் மகளுக்குப் பிரசவம். அவள் மூன்று மாதம் போய் இருக்க வேண்டும். நான் தனியாகச் சமாளிப்பேன் என்று தெரிந்தால்தான் கிளம்புவேன் என்று சொல்லியிருந்தாள். ஆகவே ரத்தச் சோதனை, மாத்திரை, இன்சுலின், பாதம் பார்ப்பது எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே எழுதச் சொன்னேன்.

"ராத்திரி மாத்திரை எது அங்கிள்?"

"வெள்ளை."

"எல்லாமே வெள்ளைதான் லா."

இன்சுலின் எவ்வளவு என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். அங்கேதான் குழம்பிப்போனேன். தினமும் காலையில் நான் பேப்பர் படிப்பேன், அவள் என் விரலில் குத்துவாள். விரல் என்னுடையது என்பதால் சோதனையும் நான் செய்வதாகவே இத்தனை வருடம் நம்பியிருந்தேன். தாதியிடம் பொய் சொன்னேனா, நம்பியதைச் சொன்னேனா, இன்றுவரை தெரியவில்லை.

தாதி எல்லாவற்றையும் இரண்டாம் கட்டத்துக்கு மாற்றினார். "ஆன்ட்டி, ரெண்டு வாரம் எதையும் தொடாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

என்னைவிட அவள்தான் அவதிப்பட்டாள். நான் இன்சுலின் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தபோது சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் நான் இன்னொரு பரோட்டா கேட்டபோது, "நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மறுமுறை தாதி முன்னால் அளவு வைத்து, வயிற்றில் நானே போட்டுக்கொண்டேன். இடத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஒவ்வொன்றாக முதல் கட்டத்துக்கு ஏறியது. பாதம் மட்டும் ஏறவில்லை. குனிந்தால் தொப்பைதான் தெரிகிறது.

"தினமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். அங்கேருந்து நான் பாக்குறேன்" என்றாள் மனைவி. தாதி அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "டிக்கெட் போட்டுடவா?"

"அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

"அப்ப வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா? போடுங்க."

கைப்பேசியிலேயே போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பேரப்பிள்ளை வரப்போகிறது, நினைத்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் எதற்காகக் கோபம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.