கல்யாணத்துக்குப் போன அருங்காட்சியகம்

போன வாரம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் சமையற்கட்டை எட்டிப் பார்த்தேன். இந்த வயதில் வேறென்ன வேலை? சமையல் காண்ட்ராக்டர் வேனில் கொண்டுவந்த பாத்திரங்கள், எல்லாம் எவர்சில்வர். பாயச வாசனை மட்டும் பழையது. அது என்னை நேராகப் பூந்தமல்லிக்கு, ஜெபமணி அண்ணனின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பாயசத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நானும் அண்ணனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டினோம். அவருக்குப் பூந்தமல்லியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல் காதல். வெள்ளைக்காரன் காலத்தில் தபால் வண்டிக்குக் குதிரை மாற்றிய இடமாம். பிறகு ரேஷன் கிடங்கு, அதற்கும் பிறகு வௌவால்களின் குடியிருப்பு. அதை இடித்துக் கடை கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் மனு மேல் மனு போட்டார். ஊருக்கு ஒரு அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் வைத்துக் காட்டுகிறேன் என்று அவகாசம் வாங்கினார். அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, திருப்தியானால் கட்டடம் பிழைக்கும்.

சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்டறை ஆட்களான எங்களைச் சுண்ணாம்பு அரைக்க இழுத்துப் போவார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்தால் பூச்சு கல்லாகிவிடும் என்று யாரோ சொல்ல, அண்ணன் வெல்லத்தில் தாராளம் காட்டிவிட்டார். சுவர் காய்வதற்குள் பூந்தமல்லி எறும்புகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. எங்கள் முதல் பார்வையாளர்கள் அவைதான். ஓவியங்களைத் தீட்டியவர் சினிமா பேனர் எழுதுகிறவர். அவர் கைபட்டு, தபால் வண்டிக் குதிரைக்குக்கூடக் கதாநாயகன் களை வந்துவிட்டது.

பொருள்களை ஊர் கொடுத்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்து விவசாயம் பார்த்த முனுசாமி, அண்ணனோடு பள்ளியில் படித்தவர், ஆளே இறங்கிக் குளிக்கலாம் போலிருந்த பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் சாய்வு நாற்காலி, ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கு. கொடுத்தார்கள் என்றால், எங்கள் ஊர் வழக்கப்படி கொடுத்தார்கள். வீட்டில் விசேஷம் வந்தால் எடுத்துப் போவார்கள். ஒரு வீட்டு அண்டா ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் போய்வரும் இடத்தில், அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் மட்டும் சும்மா உட்காருமா? ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் கூடம் நிரம்பி வழியும். முகூர்த்த மாதங்களில் வெறிச்சோடிவிடும்.

அதிகாரி வைகாசியில் வந்தார். அன்று முனுசாமியின் மூத்த மகளுக்குக் கல்யாணம்.

"பொருளெல்லாம் எங்கய்யா?"

"கல்யாணத்துக்குப் போய்கீது சார்" என்றார் அண்ணன்.

அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், பக்கத்துத் தெருதான்."

பந்தலில் அண்டா நிறையப் பாயசம். சாய்வு நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா. "சார், சம்மந்தி உக்காந்துகினு கீறாரே, அது வெள்ளைக்காரன் காலத்து நாற்காலி" என்று அண்ணன் விளக்க ஆரம்பித்ததும், சம்பந்தி பதறி எழுந்துவிட்டார். அதிகாரி சிரித்துவிட்டார். பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. இனி எந்தப் பொருளும் கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் கடப்பாரை வந்துவிடும்.

அடுத்த தை மாதம், இளைய மகள் கல்யாணத்துக்கு முனுசாமி வண்டியோடு வந்தார்.

"மச்சான், அண்டாவ எத்துகினு போறேன்."

அண்ணன் வாசலை மறித்து நின்றார். "முடியாதுடா. வெளிய எடுத்தா கட்டடம் பூடும்."

"என் அண்டாவ எனக்கே இல்லன்றியா?"

அண்ணன் வாசலைவிட்டு நகரவில்லை. முனுசாமி வண்டியைத் திருப்பினார். பாத்திரங்களை வாடகைக்கு எடுத்துக் கல்யாணத்தை நடத்தினார். எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கட்டடம் இன்றும் ஜம்மென்று நிற்கிறது. அண்ணனும் இல்லை, முனுசாமியும் இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றியதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் வைகாசியில் அங்கே போகாதீர்கள் என்பேன். எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்கும். எனக்குத் தாங்காது.