பரஸ்தானம் வைத்த நாய்

1. கட்டண அட்டையின் பின்பக்கம்

நாயைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது எனக்கு முதலில் தோன்றியது, கப்பல் கம்பெனியின் கட்டண அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பாசேஜ் ஏஜென்ட் ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். மலேயா போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் மனு எழுதுவது, அம்மை ஊசி, காலரா ஊசி சர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்ப்பது, நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் ஏற்றிவிடுவது எல்லாம் என் வேலை. அட்டையின் முன்பக்கம் ஆபீசில் எல்லாருக்கும் மனப்பாடம். பின்பக்கம் கடைசி வரியில், நாய், பூனை, குரங்கு ஆகியவை கேப்டனின் அனுமதியோடு ஏற்றப்படும் என்று போட்டிருந்தது.

எதிர் பெஞ்சில் வள்ளியம்மை உட்கார்ந்திருந்தார். திருச்சி சாலையில் ஐந்து மைல் தள்ளி அவர் ஊர். புருஷன் ஈப்போவில் லாரி டிரைவர். போய் நாலு வருஷம். மாமனாரும் போன வருஷம் இறந்துவிட, வீட்டில் அவரும் செவலை என்ற நாயும்தான். என்ட்ரி பெர்மிட் வந்துவிட்டது. ஆனால் அவர் டிக்கெட் வாங்க வரவில்லை. "நாய யார்கிட்டயும் விட மனசு வரலைங்க தம்பி. அடுத்த வருசம் பாத்துக்கிறேன்" என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

அடுத்த வருஷம் என்பது கிடையாது. பெர்மிட்டுக்குக் கெடு உண்டு. அங்கே குடியேற்றச் சட்டத்தை இறுக்கிக்கொண்டே வந்தார்கள்; ஒரு தடவை காலாவதியானால் மறுபடி கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் அட்டையை நீட்டி, நாயும் போகலாம் என்றேன். அதுவரை எங்கள் ஆபீசில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை.

முதலாளி ராவுத்தர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆள ஏத்துறதுக்கே ஆறு காயிதம். நாய்க்கு எத்தனைன்னு அந்த நாய்க்கே தெரியாது. ஒன் பொறுப்பு தம்பி" என்றார்.

2. கசாப்புக்காரரும் சூலமும்

மூன்று மாதம் கடிதம் எழுதினேன். பினாங்கு கால்நடை இலாகாவின் இறக்குமதி அனுமதி, கேப்டனின் சம்மதம், வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டதற்கு அத்தாட்சி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கப்பலில் நாய்கள் கசாப்புக்காரரின் பொறுப்பில் இருக்கும் என்று கம்பெனி எழுதியதை நான் அப்படியே வாசித்துக் காட்டிவிட்டேன். வள்ளியம்மையின் தாய்மாமன் பெரியகருப்பன், பக்கத்து ஊர்க்காரர், அவருக்கு இருந்த ஒரே பெரியவர், எழுந்தே விட்டார். "கடல்ல கறி தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். எலும்பு கிடைக்கும் இடம் அதுதான், அதனால் அந்த ஏற்பாடு என்று சமாதானம் சொல்லி உட்கார வைத்தேன்.

பாக்கி ஒரே காகிதம்: மாட்டாஸ்பத்திரி டாக்டர் கப்பலேறுவதற்கு இரண்டு நாளைக்குள் நாயைப் பார்த்துக் கொடுக்கும் சர்ட்டிபிகேட். நோய் இல்லை என்பதோடு, முந்தைய முப்பது நாளும் நாய் வெறிநாய் நடமாட்டம் இருந்த இடத்தில் இல்லை என்றும் அதில் எழுத வேண்டும்.

பயணம் கிளம்பும் நாளில் சூலம் குறுக்கே நின்றது. மூன்று நாள் முன்னதாகவே நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார் பெரியகருப்பன். போகிறவரின் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வந்தால் பயணம் கூடாது. வள்ளியம்மையிடம் இருந்தது ஒரே டிரங்குப் பெட்டி, அதில் துணி இன்னும் அடுக்கி முடியவில்லை. பக்கத்தில் நின்ற நான் சும்மா இருந்திருக்கலாம். "பெட்டி எதுக்குங்க, நாயும்தான போகுது. அதையே வச்சிருங்களேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியகருப்பனுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. தாமே செவலையைப் பிடித்துக்கொண்டு போய்த் தம் வீட்டில் கட்டிவிட்டு, அப்படியே கறம்பக்குடிக்கு மாடு வாங்கப் போய்விட்டார்.

3. பேனாவை மூடி வைத்த டாக்டர்

கிளம்பும் நாள். ரயில் ஒன்றரைக்கு. பத்தரை மணிக்கு மாட்டாஸ்பத்திரியில் நாங்கள் நாலு பேர், செவலையையும் சேர்த்து. பெரியகருப்பன் கறம்பக்குடியிலிருந்து நேரே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

டாக்டர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். எங்கும் வெளியே போகவில்லையே என்று வழக்கம்போல ஒரு கேள்வி. எனக்கு முந்திக்கொண்டு பெரியகருப்பன் பெருமையாகச் சொன்னார், மூன்று நாளாகத் தம் வீட்டில்தான் பரஸ்தானமாக இருக்கிறது என்று.

எந்த ஊர் என்று டாக்டர் கேட்டார். பெயரைக் கேட்டதும் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "முந்தாநாளு அந்த ஊருல வெறிநாய் பூந்து ஒரு கன்னுக்குட்டியக் கடிச்சிருக்கு. நேத்து அந்தக் கன்னுக்குட்டிய இங்கதான் கொண்டாந்தாங்க. நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?"

என் கையில் சர்ட்டிபிகேட் பாரம் இருந்தது. நாய் இல்லாமல் வள்ளியம்மை ஏற மாட்டார். ஏறாவிட்டால், அடுத்த கப்பல் பினாங்கு சேர்வதற்குள் பெர்மிட் செத்துவிடும். நான் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சு நாலு வருஷக் காத்திருப்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

வள்ளியம்மை நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"மாமா, கோவிச்சுக்கிராதீங்க. நீங்க கட்டிட்டுப் போன அன்னைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ளயே அது கயித்த அத்துக்கிட்டு எங்கிட்ட வந்துருச்சு. அத்தைகிட்ட நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"பரஸ்தானம் திரும்பி வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"வந்தா போகக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமுல்ல."

"தெரியும் மாமா. அதான் சொல்லலை. நான் போகணும்."

பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப எங்கிட்ட சொல்லிக்கிறதுக்கு என்ன இருக்கு. போயிட்டு வா தாயி" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் நாயின் உடம்பு முழுவதும் ரோமத்தை விலக்கி விலக்கித் தேடினார். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் வாய்ப்பேச்சு போதாது. வெறிநாய் வந்தபோது செவலை வள்ளியம்மையின் ஊரில்தான் இருந்தது என்று கிராம முன்சீப் எழுதி முத்திரை போட்டுக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மணி பதினொன்றே கால்.

4. பத்து மைல்

ராவுத்தரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போக ஐந்து, வர ஐந்து. போகும்போது எதிர்க்காற்று. முன்சீப் வீட்டில் இல்லை, கண்மாய் மடையில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும், "நாய்க்கு ஜாமீனா? இத்தன வருசத்துல இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

செவலை எங்கே இருந்தது என்று கேட்டேன். "இங்கதான். அந்தப் புள்ள மாட்டுக்கொட்டாய்க்குள்ள சாக்கத் தொங்கவிட்டு மறைச்சுக் கட்டியிருந்துச்சு. மறைச்சு என்ன, மூணு நாளா என் ஆட்டுக்குட்டியப் பாத்துக் கொலைச்சுக்கிட்டே கெடந்துச்சு" என்றார். அதையே எழுதித் தரும்படி கேட்டேன். அவர் வரப்பில் நிதானமாக நடந்து, வீட்டுக்கு வந்து, கால் கழுவி, கண்ணாடியைத் தேடி, ஆட்டுக்குட்டி சமாச்சாரத்தையும் விடாமல் எழுதி முத்திரை குத்தும்போது பன்னிரண்டே கால்.

ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாட்டாஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் சாப்பிடப் போகாமல் காத்திருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒரு முறை சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் நாய்ப்பெட்டிக்குச் சீட்டு எழுதி, செவலையை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தும்போது கார்டு பச்சைக்கொடியைக் கையில் எடுத்துவிட்டார். வள்ளியம்மை ஜன்னல் வழியாக பிளாட்பாரத்தின் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் வரவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. படகில் போய் ஏற வேண்டும். செவலையைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கசாப்புக்காரர் எலும்போடு நின்றார். அதுவரை ஊளையிட்டுக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கிப்போயிற்று.

5. தனியாகக் கேட்பது

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வேன். விண்ணப்பப் பாரத்தில் உள்ள கேள்விகளைப் போகிற ஆளிடம் தனியாகக் கேளுங்கள். பக்கத்தில் குடும்பத்துப் பெரியவர் இருந்தால், அவருக்குப் பிடித்த பதில்தான் வரும். நாய் எங்கே இருந்தது என்று நான் காலையிலேயே வள்ளியம்மையிடம் ஒரு வார்த்தை தனியாகக் கேட்டிருந்தால், முன்சீப் கடிதத்தை முதலிலேயே வாங்கியிருப்பேன். மாமன் முன்னால் அவர் அதை உடைத்துச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

போன வாரம் ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. பினாங்கில் நாயைச் சில வாரம் தனிக்கொட்டிலில் வைத்திருந்து விட்டுவிட்டார்களாம். கூட ஒரு போட்டோ: லாரியின் முன்னால் புருஷன், பெண்சாதி, நடுவில் செவலை. கடைசியில், மாமாவுக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை, அவர் உடம்பு சுகமா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள் என்று இருந்தது.

விசாரித்து எழுதுவதோடு விடுவதாக இல்லை. ராவுத்தரிடம் சனிக்கிழமை அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். போட்டோவை எடுத்துக்கொண்டு பெரியகருப்பன் வீட்டுக்கே போகப் போகிறேன். நாயைப் பரஸ்தானம் வைக்கச் சொன்னது நான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர் உட்காரச் சொன்னால், பையிலிருந்து ஒரு ஏர்மெயில் தாளையும் பேனாவையும் எடுத்து வைப்பேன். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன்.