காளியம்மாளின் நூற்றுப்பதினெட்டு தாமதங்கள்

காளியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மேனேஜர் ரகுராமனின் மூஞ்சிதான் முதலில் வந்து நிற்கிறது. சை! அந்த ஆளை ஒதுக்கிவிட்டு எழுதலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு வெளியே ஒரு ரைஸ் மில். காளியம்மாள் பதினோரு வருடமாக அங்கே பெருக்குகிறார். உமி அள்ளுவது, ஆபீஸ் கக்கூஸைக் கழுவுவது எல்லாம் அவர்தான். ஊர் வேதாரண்யம் பக்கம். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஏழே முக்காலுக்கு இறங்கலாம். அங்கிருந்து மில்லுக்குப் பத்து நிமிட நடை. முட்டி வலியோடு அதை ஓடித்தான் வருவார். எட்டு மணி வேலைக்கு ஓடி வந்து விரல் வைத்தாலும் வருகைப்பதிவு மெஷினில் எட்டு தாண்டியிருக்கும். கையிலிருக்கும் பட்டன் போன் வேறு நேரம் காட்டும். மெஷின் பொய் சொல்லுமா என்று போனைத்தான் அவர் சந்தேகப்படுவார். "மன்னிச்சுக்குங்க சார், நாளைக்கு சீக்கிரம் வந்துடுறேன்" என்று தினமும் ரகுராமன் மேசை முன்னால் நிற்பார்.

இந்த வருடம் தினக்கூலி ஆட்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்குவதாகச் சென்னை ஹெட் ஆபீஸ் சொல்லியிருந்தது. நேரத்துக்கு வந்தவர்களுக்குத்தான் முதலிடம். பி.எஃப்., லீவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் உண்டு. காளியம்மாள் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

நான் ஃபாஜில். துபாயில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மில்லிலிருந்து போன் வந்தது. ஹெட் ஆபீஸில் சர்வர் மாற்றியதிலிருந்து வருகைப்பதிவு போகவில்லையாம். போய்ப் பார்த்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. விரல் மெஷினும் அதனிடமிருந்துதான் நேரம் வாங்குகிறது. இவ்வளவு தப்பான நேரத்தோடு வரும் பதிவைப் புது சர்வர் ஏற்காது. இணையத்திலிருந்து நேரத்தைத் தானாக வாங்கிக்கொள்ளும் வசதியை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

"யார் சார் இதை ஆஃப் பண்ணுனது?" என்று ரகுராமனிடம் கேட்டேன்.

"நான்தான்யா. பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சாதான் நம்ம ஜனம் நேரத்துக்கு வரும். எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

கடிகாரத்தை முந்தி வைக்காத வீடு நம் பக்கம் எது? என் வீட்டிலும் உண்டு. ஆனால் அதைக் காட்டி யார் பிழைப்பிலும் நான் கை வைத்ததில்லை. இந்த மனுஷனோ சாயங்காலம் மட்டும் தன் போனைப் பார்த்துச் சரியான நேரத்துக்குத்தான் வேலை முடியும் சங்கை ஊதச் சொல்வார்.

நேரம் தரும் சர்வரின் முகவரியைக் கொடுத்து, அந்த வசதியை மறுபடி போட்டுவிட்டேன். கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் வந்தது. பதிவுகளும் சென்னைக்குப் போயின. சும்மா இருக்காமல் பழைய பதிவுகளைப் புரட்டினேன். காளியம்மாள், 8:04. 8:03. 8:06. ஆறு மாதத்தில் நூற்றுப்பதினெட்டு தாமதம். பத்து நிமிடத்தைக் கழித்தால் ஒன்றுகூட இல்லை.

"இதை ஹெட் ஆபீஸுக்கு எழுதிடுங்க சார். அந்த அக்கா பேரு நிரந்தர லிஸ்ட்டுல வந்துடும்."

"லிஸ்ட்டு நேத்தே போயிருச்சு. இப்பப் போயி மெஷின் தப்புன்னா என் மானம் என்னாவறது? கூட்டுற வேலைக்கு நிரந்தரம் ஒண்ணுதான் கேடு. நீ உன் வேலையைப் பாருய்யா."

தூ! அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றினேன். ஆதாரத்தோடு நானே சென்னைக்கு மெயில் போட்டேன். லிஸ்ட் முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அங்கேயும் ரகுராமன்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போல.

காளியம்மாளிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்ப நான் ஒருநாளும் லேட்டா வரலியா தம்பி?"

"இல்லக்கா."

"அந்தாளுகிட்டப் போயி தினம் மன்னிப்பு கேட்டேனே" என்றார். அழவில்லை. மலத்தை மிதித்துவிட்டவர் போல முகம் சுருங்கியது.

மறுநாள் காலை, மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். காளியம்மாள் நிதானமாக நடந்து வந்தார். விரல் வைத்தார். 7:56. நேராகப் போய் ரகுராமன் அறை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"என்ன உக்காந்துட்ட? போயி ஆபீஸைக் கூட்டு."

"எட்டு மணி ஆவட்டும் சார்" என்றார், எழுந்திருக்காமல்.