இரண்டு முறம், ஒரு குடம்

ஒகேனக்கல்லுக்கு நான் முதல் தடவை போய்வந்ததைப் பற்றி என் நாலாம் வகுப்பு நோட்டில் பதினொரு வரிகள் இருக்கின்றன. அருவியைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி: ‘சத்தம் கேட்டது.’ மற்றப் பத்து வரிகளும் ஒரு பித்தளைக் குடத்தைப் பற்றியவை. எந்த ஊரில் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, எங்கே எவ்வளவு சிந்தியது என்று எழுதி வைத்திருக்கிறேன். போக மூன்று பஸ், ஒரு மாட்டு வண்டி. வர ஒரு மாட்டு வண்டி, மூன்று பஸ். இத்தனையும் ஏறி இறங்கி, அருவிக்கு அரை மைல் தூரத்தில் அரை நாள் நின்றுவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்பி வந்தவள் எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐம்பது வயதை நெருங்குகிறேன். அந்த நோட்டைத் திறந்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

பெரியவர்கள் மேல் வருகிற எரிச்சல் அது. யாராவது ஒருவர் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் ஊர் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், பெரிய சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா ஒரு வருஷம் மாதேஸ்வரன் மலைப் பக்கம் மாடு பிடிக்கப் போனார். ஒரு ஜோடி மாட்டையும், ஒரு சம்பந்தத்தையும் பேசி முடித்துக்கொண்டு வந்தார். மாட்டை விற்றவரின் தங்கைதான் சித்தி. எங்கள் உறவுக்காரர்கள் காவேரிக்கு அக்கரையிலும் உண்டு. சித்தியின் பிறந்த வீடும் அங்கேதான். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். சித்திக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கவில்லை.

“இந்தத் தண்ணியில பருப்பு வேகறதில்ல அக்கா” என்பாள் அம்மாவிடம், வாரத்துக்கு நாலு நாளாவது.

“இத்தன வருசமா நாங்க பச்சப் பருப்பையா தின்னுக்கிட்டு இருந்தோம்?” என்பாள் அம்மா.

தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது உண்மைதான். சித்தி சொல்லும் வரையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்த பிறகு எல்லோருக்கும் கரித்தது. அம்மாவுக்கு அதுவே தனிக் கோபம்.

கல்யாணமான முதல் ஆடியில், சித்தியின் அண்ணன் சீர் கொண்டுவருவார் என்று அப்பா காத்திருந்தார். வரவில்லை. அடுத்த மாதம், பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், அந்த மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிய இரண்டு முறம். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், சித்தி கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள், அம்மா மட்டும் வீட்டில். ஊத்தங்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு, ஆடிச் சீருக்குப் பதிலாக ஒருவர் முறம் கொண்டுவந்து நீட்டுவது கேலியாகப் பட்டது. “ஏன், எங்க ஊட்ல முறம் இல்லயா?” என்று கேட்டுவிட்டாள். அவர் முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர்கள் பக்கம் சீர் ஆடியில் கிடையாது. சதுர்த்திக்கு முதல் நாள் கௌரிப் பண்டிகை. அன்றைக்கு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி, தானியம் எல்லாம் வைத்து, மேலே இன்னொரு முறத்தால் மூடிக் கொடுப்பார்கள். பாகினம் என்று பேர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம்தான் இருந்தது. அப்பா அந்த வீட்டுக்காரரோடு தினமும் சாயங்காலம் வெற்றிலை போடுவார். கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அப்பா கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. பருப்பு வேகவில்லை என்று அவள் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது இப்போது கணக்குப் பார்த்தால் தெரிகிறது.

இரண்டு வருஷம் பிறந்த வீட்டிலிருந்து ஈ காக்கை வரவில்லை. மூன்றாவது ஆடியில் சித்தி சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் உங்க வாசப்படி மிதிக்கமாட்டாரு. பதினெட்டுக்கு ஆத்துக்கு வருவாரு. மாட்டு வியாபாரிகிட்ட சேதி வந்துச்சி. நான் ஒகேனக்கல் போவணும்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் யாரும் யாரிடமும் நேராகப் பேசவில்லை. ஆற்றைத் தாண்டினால் அவள் திரும்ப மாட்டாள் என்று அப்பா சொன்னார். அனுப்பாவிட்டால் மட்டும் இங்கே இருந்துவிடுவாளா என்று அம்மா கேட்டாள். சித்தப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எந்தப் பேச்சுக்கும் அவர் பதில் அதுதான். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். “பாப்பாவையும் கூட அனுப்புங்க. புள்ளய உட்டுட்டு ஆத்தத் தாண்டமாட்டா” என்று அப்பாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சித்திக்கு என்மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட முக்கியம், எங்கள் வாத்தியார் ‘நான் கண்ட இயற்கை அதிசயம்’ என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார். வகுப்பில் மற்றவர்கள் வானவில்லையும் இடி விழுந்த புளியமரத்தையும் எழுதப் போகிறார்கள். நான் அருவியை எழுதுவேன்.

புறப்படும்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, ஆற்றங்கரையில் சித்தி கையை விடக்கூடாது என்றாள். நான் முழுகிவிடுவேன் என்று பயப்படுகிறாள் என எண்ணினேன். அப்பா குடத்தைக் கொடுத்தார். பென்னாகரம் காட்டுத் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வரும் என்பது அவர் கட்சி. எனவே எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் நிறைய, வாயில் துணி கட்டி, காவேரி ஆற்றுக்குப் புறப்பட்டது. வீட்டிலேயே பொறுப்பானவள் நான் என்பதால் அது என் மடியில் வந்து உட்கார்ந்தது.

சித்தப்பா, சித்தி, நான் என்று மூன்று பேர் ஏறிய கிருஷ்ணகிரி பஸ்ஸில் அணை கட்டும் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். கண்டக்டர் குடத்தைப் பார்த்துவிட்டு எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சித்தப்பா சொன்னார்.

“காவேரிக்கா தண்ணி கொண்டு போறீங்க? அங்க பத்தலியாமா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சித்தி மட்டும் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. தர்மபுரியில் கால் குடம் குறைந்தது: குடித்தது இரண்டு டம்ளர், மற்றது என் பாவாடையில். ராத்திரி சத்திரத்தில் தங்கி, காலையில் பென்னாகரம் பஸ். அங்கிருந்து வண்டி. காட்டுக்குள் ஒவ்வொரு இறக்கத்திலும் குடம் என் முழங்காலில் இடித்தது. எத்தனை இறக்கம் என்று எண்ணி வைத்திருக்கிறேன்: பதினேழு.

அருவி கண்ணுக்குத் தெரியும் முன்பே காலுக்குத் தெரிந்தது. வண்டியை விட்டு இறங்கினால் தரை அதிர்ந்தது. மரங்களுக்கு மேலே, அடுப்பில் பச்சை விறகு வைத்ததுபோல் வெள்ளையாகப் புகை எழும்பியது. அருவி எங்கே என்று கேட்டேன். அந்தப் பாறைக்கு அந்தாண்ட, அப்புறம் போகலாம் என்றார் சித்தப்பா. சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பரிசல் துறைக்கு நடந்தாள். கையை விடக்கூடாதே, ஒரு கையில் சித்தி, இடுப்பில் குடமுமாக நானும் நடந்தேன்.

ஆறு செம்மண் நிறத்தில், நுரையும் மரக்கிளையுமாகப் போய்க்கொண்டிருந்தது. பரிசல்காரர்கள் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரைக்குப் போகவேண்டும் என்று சித்தி கேட்டாள். “தலைக்கு ரெண்டு உசுரு இருந்தா ஏறும்மா, ஒண்ணுதான்னா நாளைக்கு வா” என்றார் ஒருவர்.

சித்தி கரையில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. அருவி என்றேன். பாப்பா, கொஞ்சம் பொறு என்றாள். மறுபடியும் அருவி என்றேன். கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தாள், அவள் சாப்பிடவில்லை. சித்தப்பா எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, முன்னே வரவும் மாட்டாமல், மரத்தடிக்குப் போகவும் மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த உபயோகமில்லாத மத்தியானங்களில் அதற்குத்தான் முதலிடம்.

பிறகு அக்கரையில், சிவப்புத் தலைத்துணி கட்டிய ஒருவர் கூட்டத்திலிருந்து விலகித் தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். முகம் தெரியாத தூரம். சித்தி கல்லிலிருந்து குதித்தாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கன்னடத்தில் கூப்பிட்டாள். அவரும் ஏதோ கூப்பிட்டார் போலத்தான் இருந்தது. அருவிச் சத்தத்தில் இந்தப் பேச்சும் போய்ச் சேரவில்லை, அந்தப் பேச்சும் வந்து சேரவில்லை. இவர்கள் மாறி மாறிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். கேட்காது என்று நான் சித்தியிடம் இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன்.

அவர் கத்துவதை நிறுத்தினார். குனிந்து, கட்டி வைத்திருந்த இரண்டு முறங்களைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அப்படியே வெகு நேரம் பிடித்திருந்தார். பிறகு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி அதை ஆற்றில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, நடு ஆற்றுக்கு வந்து, அருவிப் பக்கமாக ஓடியது.

சித்தி தண்ணீரில் இறங்கினாள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. கையை விடாததால் நானும் இடுப்புக் குடத்தோடு இறங்கினேன். எனக்கு இடுப்பு வரை வந்துவிட்டது.

“கைய உடு பாப்பா” என்றாள்.

“அம்மா உடக்கூடாதுன்னு சொல்லிச்சி.”

அவள் திரும்பி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலே கரையைப் பார்த்தாள். சித்தப்பா அங்கேயே நின்றார். கூப்பிடவில்லை. ஆறு என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

“சரி, உடாத” என்றாள் சித்தி. “அந்தக் குடத்தக் குடு.”

வாங்கித் துணியை அவிழ்த்தாள். நான் இரண்டு நாளாக மடியில் சுமந்து, டம்ளர் கணக்கில் காப்பாற்றிய தண்ணீர் முழுவதையும் ஆற்றில் கவிழ்த்தாள். முறம் போன திசையைப் பார்த்துக்கொண்டே குடத்தை ஆற்றில் முக்கி எடுத்தாள். சேறும் நுரையுமாகத் தளும்பத் தளும்ப ஒரு குடம். அக்கரையில் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டது தெரிந்தது.

கரையேறியதும் சித்தப்பா பேசினார். அன்றைக்கெல்லாம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அது ஒன்றுதான். “நாளைக்கு தண்ணி எறங்கும்னு பரிசல்காரரு சொல்றாரு. இருந்து போறதுன்னா போ. புள்ளய நான் கூட்டிட்டுப் போயிக்கறேன்.”

எனக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. நாளைக்கு இருந்தால் அருவி பார்க்கலாமே. இருக்கலாம் சித்தி, இருக்கலாம் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சித்தப்பா என்னை முறைத்தார். ஏன் முறைக்கிறார் என்று தெரியாமல் இன்னும் பலமாக இழுத்தேன்.

சித்தி ஈரத் துணியைப் பிழிந்து குடத்தின் வாயில் கட்டினாள். “இருந்தா தண்ணி கெட்டுப்பூடும்” என்றாள். “வண்டியக் கட்டச் சொல்லுங்க.”

ஆற்றுத் தண்ணீர் ஒரு நாளில் கெடாது. பித்தளைக் குடத்தில் மூன்று நாளாவது நிற்கும். இதை நான் பென்னாகரம் வரையில் சொல்லிக்கொண்டு வந்தேன். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பா குடத்தைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அவர் அதை யாரிடமும் தரவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவுமில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் வீடு வந்தோம். அம்மா வாசலுக்கு வந்து, முதலில் சித்தியைப் பார்த்தாள், பிறகுதான் என்னை. சித்தி குடத்தை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குடிக்க ஆளுக்கு ஒரு வாய் கிடைக்கும் என்று நான் டம்ளரோடு பின்னால் ஓடினேன். அவள் துணியை அவிழ்த்து, மொத்தத்தையும் கிணற்றுக்குள் ஊற்றினாள். பிறகு வாளியை விட்டு ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்தாள்.

“இப்ப பரவால்ல” என்றாள்.

அத்தனை ஆழக் கிணற்றில் ஒரு குடம் எந்த மூலைக்கு? நான் ஒரு வாரம் தினமும் காலையில் குடித்துப் பார்த்து நோட்டில் குறித்தேன். ஏழு நாளும் ‘உப்பு’ என்றே இருக்கிறது. ஆனால் சித்தி அதற்குப் பிறகு பருப்பு வேகவில்லை என்று சொன்னதே இல்லை. வாத்தியார் என் பக்கத்தைப் படித்துவிட்டு, அருவியைக் காணோம், குடம் எப்படி இயற்கை அதிசயமாகும் என்று அடிக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அடுத்த மாதம், சதுர்த்திக்கு முதல் நாள் காலையில், அம்மா மூன்றாவது வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். பிறகு அப்பாவைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினாள். அவர் வளையல், மஞ்சள், சீப்பு, கண்ணாடி, அதோடு புத்தம் புதிதாக இரண்டு முறம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அம்மா சித்தியைக் கூடத்தில் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். வீட்டில் ஏற்கெனவே நல்ல நிலையில் மூன்று முறம் இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்:

“ஏன், நம்ம ஊட்ல முறம் இல்லயா?”

அம்மா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். சித்தியோ, வந்த மூன்று வருஷத்தில் நான் கேட்டிராத மாதிரி, வாய்விட்டுச் சிரித்தாள்.

நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே எழுதியிருக்கிறேன்: ‘காரணமில்லாமல் குட்டு. ஒன்று.’