சாலைக்கு நடு எது?

மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்காரும்போது காலை ஆறரை இருக்கும். முந்தின இரவு தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து தங்கை ஜெயா விடாமல் போன் செய்துகொண்டே இருந்தாள். "பத்து மணிக்கு அளக்க வாராகளாம்ணே. வந்துருவீகல்ல?" ஒவ்வொரு முறையும் வந்துவிடுவேன் என்றேன். வந்து என்ன கிழிக்கப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில்தான் அவள் வீடு. அந்தச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வீட்டில் எவ்வளவு போகும் என்பது இன்று தெரிந்துவிடும். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. முன் அறையில் இரண்டு தையல் மிஷினைப் போட்டு நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள் ஜெயா. பிள்ளைகளின் படிப்பு ஓடுவது அதில்தான். அந்த அறை போனால் அவள் பிழைப்பும் போய்விடும்.

மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே வண்ணக் கொடி கட்டிய பிளாட்டுகள். பக்கத்தில் இருந்தவர் கல்குறிச்சியில் இறங்கி மல்லாங்கிணறு போக வேண்டியவர்; வத்தல் வியாபாரி.

"அருப்புக்கோட்டையா? எது அருப்புக்கோட்டைன்னு கேக்கணும் தம்பி. இப்பப் பாளையம்பட்டியிலயே டவுனு ஆரம்பிச்சுருது. அந்தப் பக்கம் திருச்சுழி ரோட்டுல எங்க முடியுதுன்னே தெரியல."

"ரோட்டை அகலப்படுத்துறாங்களாமே?" என்றேன்.

"நல்லதுதானே. லோடு வண்டி போக வர லேசு. உங்களுக்கு வீடு கீடு ரோட்டு மேல இருக்கா?"

இல்லை என்றேன். அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பாவம், அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எட்டேகால். எண்பது கேட்ட ஆட்டோக்காரர் எழுபதுக்கு இறங்கி வந்தார். பழைய ஊருக்குள் புகுந்துதான் போனார். இந்த ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் போதும், வீட்டுக்குள் நீங்கள் என்ன பேசுவீர்கள் என்று எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். சில தெருக்களில் கதவுக்குப் பின்னால் தெலுங்கு கேட்கும், சிலவற்றில் கன்னடம். கடைத்தெருக்காரர்களுக்கு ஒரு பக்கம், பள்ளிவாசலை ஒட்டியவர்களுக்கு ஒரு பக்கம். அவரவர் தெருவுக்குள் அவரவர் இருந்தார்கள்.

பழைய ஊர் நிரம்பியபோது வழிந்தவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே வந்தார்கள். மழையை நம்பி ஓய்ந்துபோன சுற்றுப்பட்டிக்காரர்களும் வந்தார்கள். திருச்சுழி சாலையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கையில் இருந்த காசுக்கு எந்த மனை கிடைத்ததோ அதில் கட்டினார்கள். அப்படித்தான் ஜெயாவின் தெலுங்கு வீட்டுக்கு நேர் எதிரே வீரசோழன் ஊர்க்காரரான கனி பாய் பைப்புக் கடை போட்டார். ஜெயாவுக்கு அவர் கனி அண்ணன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவர் கடையில் பைப்புகளுக்கு நடுவே விளையாடித்தான் வளர்ந்தார்கள்.

நான் போய் இறங்கியபோது ஜெயா வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. காபி கொடுத்தாள், சர்க்கரை போட மறந்திருந்தாள். எதிரே கனி பாயும் கடைக்கு வெளியே நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவர், அன்று கையை மட்டும் தூக்கினார்.

பத்தரைக்கு வந்தார்கள். சர்வேயர் இளம் பெண். டேப்பைப் பிடிக்க இரண்டு பேர். இப்போது இருக்கும் தார்ச்சாலையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அளப்பதாகச் சொன்னார். கனி பாய் முன்னால் போனார்.

"மேடம், இது நடுவே இல்ல. முந்தி ரோடு தெக்க, எதிர் வரிசைய ஒட்டிக் கிடந்துச்சாம். அகலப்படுத்தும்போது காலி இடமா இருக்குன்னு வடக்க இழுத்துட்டாக. நடுவும் எங்க பக்கம் தள்ளி வந்துருச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் இடம் வாங்கும்போதே இழுத்துட்டாக. கேள்விப்பட்டதுதான்."

"பார்த்தவங்க யாராவது ஆட்சேபணையா எழுதிக் கொடுங்க. அதுக்கு அவகாசம் இருக்கு. நான் மேல அனுப்பிடறேன்."

கனி பாய் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றிருந்தது.

நான் பார்த்திருக்கிறேன். ஜெயா கல்யாணத்துக்கு அந்த வாசலில் பந்தல் போட்டபோது சாலை படியை உரசிக்கொண்டு போனது. பஸ் வரும்போதெல்லாம் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எதிரே வெறும் முள்காடு. அவர் சொல்வது அத்தனையும் நிஜம். ஆனால் பழைய நடுவிலிருந்து அளந்தால் ஜெயாவின் முன் அறை மிச்சமிருக்காது.

ஜெயா என் கையைப் பிடித்தாள். இதுவரை அவள் பேசியதையெல்லாம் தமிழாக்கி எழுதிவிட்டேன். எங்களுக்குள் எப்போதும் தெலுங்குதான். வெளியாள் முன்னால் ரகசியம் பேச வேண்டுமென்றால் எங்களவர்களுக்கு அது ரொம்ப வசதி, கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. பதற்றத்தில் சற்று உரக்கவே சொல்லிவிட்டாள்: "ஏமீ செப்பொத்துண்ணா!"

ஒன்றும் சொல்லாதே, அண்ணா. நான் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் யாருமே வாய் திறக்கவில்லை.

சிவப்பு பெயிண்டில் கோடு போட்டார்கள். ஜெயா வீட்டில் படிகளும் சன்ஷேடும் போகும், அறை தப்பித்தது. எதிர்ப்பக்கம் டேப் கடைக்குள் நுழைந்து, பைப்புகளைத் தாண்டி, பின்சுவர் வரை போனது. கனி பாய்க்கு மிஞ்சப் போவது அந்தச் சுவர்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? அவர் கடைக்குள் டேப் போகப் போக, என் நெஞ்சில் பாரம் குறைந்துகொண்டே வந்தது.

மத்தியானம் ஜெயா சமைத்தாள், சாப்பிட்டோம். கோடைக்கும் சாத்தாத முன் கதவை அன்று சாத்தி வைத்திருந்தாள். "அவுக முகத்துல எப்படிண்ணே முழிப்பேன்?" என்றாள். "அதுக்காக ரூமை விட்டுக் குடுக்க முடியுமா?" என்று அவளே சேர்த்துக்கொண்டாள். 

மாலை ஐந்தரைக்குப் பையோடு சாலையில் நின்றேன். டவுன் பஸ்ஸைக் காணோம். மதுரையில் ரயிலை விட்டுவிடுவேனோ என்று பதறிக்கொண்டிருந்தபோது, கனி பாய் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"டவுன் பஸ்ஸ நம்பிப் பஸ் ஸ்டாண்டு போயிச் சேர நேரமாயிரும். பைபாஸ்ல தூத்துக்குடியிலருந்து மதுரை போற வண்டி நிக்கும். உக்காருங்கண்ணே, ஏத்தி விடுறேன்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். ஊரைக் கடக்கும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. பைபாஸில் இறக்கிவிட்டு, வண்டியை ஸ்டாண்டு போட்டு, கூடவே நின்றார்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டு வாசல்லதானே பந்தல் போட்டீக?"

"ஆமா பாய்."

"அப்ப ரோடு எப்படிண்ணே இருந்துச்சு?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"சரியா ஞாபகம் இல்ல பாய்."

"ஆமா. ரொம்ப வருஷம் ஆயிப்போச்சுல்ல."

மதுரை பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்ததும் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பஸ் நகரும்போது என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மெல்ல போயி ராண்ணா."

மெதுவாகப் போய்விட்டு வா, அண்ணா. அச்சு அசல் எங்கள் வீட்டுத் தெலுங்கு. ஜெயாவின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவருக்கு அது தெரியாமல் எப்படி இருக்கும்? காலையில் ஜெயா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்துதான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தெரிந்துதான் இன்னொரு முறை கேட்டுப் பார்த்திருக்கிறார்.

தாம்பரத்தில் எங்கள் சாலையையும் அகலப்படுத்தினார்கள். எதிர் வரிசையை இடித்தபோது மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். அங்கே இருந்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இன்று இரவு அப்படித் தூங்க முடியாது போலிருக்கிறது.

காரியாபட்டி தாண்டும்போது ஜெயா கூப்பிட்டாள். "பஸ்ஸு கிடைச்சுச்சாண்ணே? கனி அண்ணன் வண்டியில போறதைப் பாத்தேன். எதுவும் சொன்னாகளா?"

"போயிட்டு வரச் சொன்னாரு."

"அவ்வளவுதானா? அப்பாடா."

"தெலுங்குல சொன்னாரு ஜெயா."

அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.